சாட்சிக்காக நிறுத்திய மாத்திரை

முதலில் எனக்குப் பிடிக்காமல் போனது பற்பசை. வாயில் வைத்ததும் குமட்டியது. கம்பெனிக்காரன் எதையோ மாற்றித் தொலைத்துவிட்டான் என்று வேறு ஒன்று வாங்கினேன். அதுவும் குமட்டியது. அடுத்தது என் கணவர் டீ உறிஞ்சும் சத்தம். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் அப்படித்தான் உறிஞ்சுகிறார், அதற்காக நான் அவரைக் கேலி செய்ததும் உண்டு. இப்போது அந்தச் சத்தம் கேட்டாலே எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன். அப்புறம் ஆபீஸ் வண்டியின் சீட் உறை, குளியலறை வாளியின் உள்பக்கத்து வழவழப்பு, என் தலையணை, சீப்பில் சுற்றியிருக்கும் என்னுடைய முடி. ஒவ்வொன்றாக எல்லாமே அருவருத்தது. உலகம் முழுக்க யாரோ எச்சில் பண்ணி வைத்த மாதிரி இருந்தது.

இதற்கு மன அழுத்தம் என்று பெயர் இருக்கும் என எனக்கு எப்படித் தெரியும்? மன அழுத்தம் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுவது என்றுதான் நினைத்திருந்தேன். நான் வேலை செய்யும் மாதாப்பூர் ஆபீஸில் அதைப் பற்றி ஒரு கூட்டமே நடத்தினார்கள். சுவரொட்டியில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். சிரித்த முகமாக வந்த ஒரு பயிற்சியாளர் எல்லாரையும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். கடைசியில் ஆளுக்கொரு மஞ்சள் பந்து கொடுத்து, கவலை வரும்போது பிசையுங்கள் என்றார். அந்தப் பந்தில் ரப்பர் நாற்றம் அடித்தது. என் இடத்துக்கு வந்ததும் அதைக் குப்பைக்கூடையில் போட்டேன். எனக்கு அழுகை வரவில்லையே, அப்புறம் எனக்கும் அந்தச் சுவரொட்டிப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

நெஞ்சுப் படபடப்பு அதற்கப்புறம் சேர்ந்துகொண்டது. காலையில் ஆபீஸ் வண்டி மேம்பாலத்தில் ஏறும், எனக்கு உள்ளங்கை வேர்க்கும். ஏதோ பயங்கரமான செய்தி வந்துகொண்டே இருக்கிறது, எனக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை என்பது போல் வயிறு பிசையும். ஒருநாள் தாங்க முடியாமல் டிரைவரிடம், "பையா, ரோக்கோ" என்று கத்திவிட்டேன். மேம்பாலத்தின் நடுவில் அவர் எங்கே நிறுத்துவார்? பக்கத்து சீட்டில் இருந்த பெண் என் முதுகைத் தடவி, "கேஸா இருக்கும் மேடம்" என்றாள். எங்கள் குடும்ப டாக்டரும் வயிற்று வாயு என்று அதையேதான் சொன்னார். இந்த ஊரில் நெஞ்சு அடித்துக்கொண்டால் கேஸ், தலை சுற்றினால் கேஸ், தூக்கம் வராவிட்டாலும் கேஸ். பிரியாணி தின்கிற ஊர், யாருக்கும் சந்தேகமே வராது. ஈ.சி.ஜி எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறவளுக்கு எதற்கு மாத்திரை என்று யாரும் கேட்கவில்லை.

என்னை உலுக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. என் மகள் எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்டர், அதாவது பிளஸ் டூ படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் பாதி இந்தியில், பாதி இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளை. வாயோரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். "கைக்கு மம்மி? க்யா ஹுவா?" என்று, ஏன், என்ன ஆச்சு என அவள் இந்தியில் கேட்ட குரல்கூட எனக்கு ஆகவில்லை. குளியலறையில் போய் நின்றுகொண்டு யோசித்தேன். பற்பசை பிடிக்காமல் போகலாம், கணவர் டீ குடிப்பது பிடிக்காமல் போகலாம், அதில் தப்பே இல்லை. பெற்ற பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துக் குமட்டினால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. எனக்குப் பயமாகிவிட்டது.

அந்த வாரமே, ஆபீஸ் பக்கத்திலேயே இருந்த ஒரு மனநல டாக்டரிடம் யாருக்கும் சொல்லாமல் போனேன். தெலுங்குக்கார அம்மா, என் வயதுதான் இருக்கும். தெலுங்கும் இங்கிலீஷுமாகப் பேசினோம். கேஸைப் பற்றி, பற்பசையைப் பற்றி, மேம்பாலத்தைப் பற்றி எல்லாம் நான் கொட்டி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்: "கடைசியா எதை ருசிச்சு சாப்பிட்டீங்க?" பண்டிகைகள், பிறந்தநாள்கள், கல்யாண வீடுகள் எல்லாவற்றையும் தேடிப் பார்த்தேன். எங்கும் எதுவும் ருசியாக இல்லை. அங்கேதான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

எல்லாருக்கும் இது சோகமாக வருவதில்லை என்று அவர் சொன்னார். சிலருக்கு எரிச்சலாக வரும், சிலருக்கு ருசி போகும், சிலருக்கு என்னைப் போல எதைத் தொட்டாலும் அருவருக்கும். கூடவே பதற்றமும் இருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். வேலை செய்யக் கொஞ்ச காலம் பிடிக்கும், நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். வாரம் ஒருமுறை வந்து பேச வேண்டும், தினம் கொஞ்சம் நடக்க வேண்டும். அருவருப்பு போன பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது ஒரே ஒரு பாத்திரம் கழுவுங்கள், மீதியை விட்டுவிடுங்கள் என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் கழுவியதற்கு யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

கணவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் ஒரே வீட்டில் மாத்திரையை எங்கே ஒளிப்பது? ரயில்வேயில் குமாஸ்தா அவர். அவர் தாத்தா ஒர்க்‌ஷாப் வேலைக்காக இந்த ஊர் லாலாகுடாவுக்கு வந்தவர். சொந்த ஊர் போய்விட்டது, திருநெல்வேலிப் பேச்சு மட்டும் அந்தக் குடும்பத்தில் தங்கிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். "யாருக்கும் தெரிய வேண்டாம், கேட்டியா? பிள்ளைக்கு நாளைக்கு ஒரு சம்பந்தம் பாக்கணும்" என்றார். சரி என்றேன். மறுநாளே இந்த மனிதர் போய் ஐயரம்மாவிடம் சொல்லிவிட்டார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. ஜெபிக்கிறவர்களிடம் சொல்வது ஊருக்குச் சொல்வதில் சேராது என்பது என் கணவரின் கணக்கு.

ஐயரம்மாவும் ரகசியம் காப்பவர்தான். அதற்கு எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. சனிக்கிழமை வீட்டு ஜெபத்தில் பெயரைச் சொல்லாமல் விண்ணப்பம் வைப்பார்கள். "ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம். பெயர் வேண்டாம். மாதாப்பூர்ல வேலை பாக்குற சகோதரி. பாடகர் குழுவுல ஆல்ட்டோ பாடுற சகோதரி. மனசுல ஒரு போராட்டம்." எங்கள் பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்ற தாழ்ந்த பெண்குரலில் பாடுகிறவர்களே இரண்டு பேர். இன்னொருவர் ஓய்வு பெற்ற டீச்சர். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எனக்காக உருகி உருகி ஜெபித்தார்கள். நானும் அந்தப் பெயர் தெரியாத சகோதரிக்காக ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது வருகை. வாழைப்பழமும் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவுமாக ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சமையல் மேடையைப் பார்த்தார்கள். பாவம், ஒரு பாத்திரம்தான் கழுவியிருப்பேன். "நல்ல வேலை, நல்ல புருஷன், உனக்கு என்ன குறைன்னு இப்படி?" என்றார் ஒரு அம்மா. "வேதம் வாசிக்கிறது குறைஞ்சிருச்சோ?" என்றார் இன்னொருவர். வாழைத்தண்டு சாறு குடித்தால் மனசு லேசாகும் என்றார் மூன்றாமவர். அவருக்கு யாரோ தப்பாகச் சொல்லி, எனக்குச் சிறுநீரகத்தில் கல் என்று நினைத்து வந்திருந்தார். இருந்ததில் அவர் ஒருவரைத்தான் எனக்குப் பிடித்தது. மற்றவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசும்போது, அந்தக் கையின் ஈரம் அவர்கள் போன பிறகும் என் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன்.

ஒரு சனிக்கிழமை வீட்டு ஜெபம் எங்கள் வீட்டு முறை வந்தது. ஜெபம் உச்சத்துக்குப் போனபோது என் கணவர் திடீரென்று முழங்காலில் நின்று சத்தமாகப் பொருத்தனை பண்ணினார். "ஆண்டவரே, இவளைச் சுகமாக்கும். அறுப்பின் பண்டிகையில சபை முன்னால இவ சாட்சி சொல்லுவா." சாட்சி என்றால் ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லாருக்கும் சொல்வது, பொருத்தனை என்றால் அவருக்குக் கொடுக்கும் வாக்கு. அது எங்களுக்குச் சாதாரண விஷயமில்லை. கேட்டது கிடைத்தால் சொன்னதைச் செய்தே தீர வேண்டும், செய்யாவிட்டால் பாவம். பொருத்தனை அவருடையது, வாய் என்னுடையது. எழுந்து நின்று, என்னைக் கேட்டீர்களா என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார். அத்தனை பேர் நடுவில் அழுகிற மனிதரை என்ன சொல்வது?

மாத்திரை தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்தது. எந்த நாளில் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மிளகாய் பஜ்ஜி வாங்கி, நின்றபடியே தின்றேன். நாக்கு எரிந்தது, மூக்கில் தண்ணீர் வந்தது, இன்னொன்று கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, நான் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். மேம்பாலத்தில் இப்போதும் உள்ளங்கை லேசாக வேர்க்கும், ஆனால் வண்டியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை குரல் தெளிந்து பாடினேன். ஐயரம்மா வாசலிலேயே என்னைக் கட்டிப் பிடித்து, "ஆண்டவர் செஞ்சிட்டார் பாத்தியா! பண்டிகைக்கு உன் பேரைச் சாட்சியில போட்டாச்சு" என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "மாத்திரை இன்னும் சாப்பிடுதியா?"

"ஆமா."

"மாத்திரையும் சாப்பிட்டுக்கிட்டு, சுகமாயிட்டேன்னு சபையில எப்படிச் சொல்லுவே? பொய்ச் சாட்சி ஆயிராதா?"

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அப்போது அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எங்களைப் போன்றவர்கள் மற்றப் பொய் எல்லாம் சொல்வோம். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டுத் துணிக்கடைக்குப் போவோம். ஆனால் பலிபீடத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. சுகமாகிவிட்டேன் என்று சொல்ல வேண்டும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். அப்படியானால் வழி ஒன்றுதான், மாத்திரையை நிறுத்துவது. உண்மை பேச வேண்டும் என்பதற்காக மருந்தை நிறுத்தும் அறிவாளிகளை வேறு எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார் என்று எனக்குத் தெரியும். பேசப் போவதையும் ஏதோ சாக்குச் சொல்லி நிறுத்தினேன்.

முதலில் தலையைத் திருப்பினால் உள்ளே சுரீர் என்று மின்சாரம் அடித்த மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. பார்த்தாயா, ஒன்றுமே ஆகவில்லை என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். பண்டிகை நெருங்கியபோது குளித்துவிட்டுத் துடைக்கிற துண்டில் நாற்றம் வந்தது. மழைக்காலம், துணி காயவில்லை என்றேன். துவைத்த துண்டிலும் வந்தது. சோப்பு சரியில்லை என்றேன். சோற்றில் ஏதோ வாடை, அரிசி பழசு என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. இந்த நோயின் கேவலமான புத்தி அதுதான். நம் மூளையையே வக்கீலாக வைத்துக்கொண்டு நம்மிடமே வாதாடும். மகள் ஒருநாள் துண்டை என் கையிலிருந்து பிடுங்கி, "மம்மி, நக்கோ! இட்ஸ் க்ளீன்" என்றாள், வேண்டாமாம், சுத்தமாகத்தான் இருக்கிறதாம். அவளையும் அதட்டி அனுப்பினேன்.

அறுப்பின் பண்டிகை அன்று சபைக் கோயிலுக்குள் நுழைந்தபோதே மூச்சை அடைத்தது. விளைந்ததை ஆண்டவருக்குப் படைக்கும் பண்டிகை, ஆனால் எங்களில் யாருக்கும் வயலும் இல்லை, அறுப்பும் இல்லை. சந்தையில் வாங்கிய பூசணியும் வாழைத்தாரும் பலிபீடத்தின் முன் குவிந்து கிடந்தன. ஏலத்துக்காகக் காலைக் கட்டிப் போட்ட கோழிகள் படிக்கட்டை அசிங்கம் பண்ணிக்கொண்டிருந்தன. கூடையில் கனிந்து வெடித்த கொய்யாப்பழங்கள். வெளியே பந்தலில் பிரியாணி வெந்தது. இத்தனைக்கும் நடுவில் பட்டுப்புடவைகள், வியர்வை, மல்லிகை. மற்றவர்கள் நன்றாக வாசனை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் ஒருவர் விசா கிடைத்த சாட்சி சொன்னார். இன்னொருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து பிழைத்த சாட்சி சொன்னார். ஒவ்வொன்றும் முடிந்ததும் சபை முழுக்க ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்றது. என் முறை வந்தது. மைக்கின் பஞ்சு உறையில் அவர்கள் இரண்டு பேரின் எச்சில் ஈரம் தெரிந்தது. வயிற்றிலிருந்து ஒரு புரட்டல் கிளம்பியது, நெஞ்சு அடித்துக்கொண்டது. துண்டுக்குச் சாக்குச் சொல்லலாம், அரிசிக்குச் சொல்லலாம். சபை முன்னால் நின்றுகொண்டு இதற்கு என்ன சொல்வது? எனக்கு இது தெரியும். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரியும், என் பிள்ளையின் வாயோரத்துப் பருக்கை வரைக்கும் கொண்டுபோய் விடும்.

"எனக்குச் சுகம் கிடைச்சிது" என்றேன். எல்லாரும் சிரித்த முகமாக நிமிர்ந்தார்கள். "டாக்டர் கொடுத்த மாத்திரையில கிடைச்சிது. இங்க வந்து சாட்சி சொல்லணும்னு அதை நிறுத்திட்டேன். இப்ப மறுபடியும் வந்துருச்சு. இதோ, இந்த மைக்கைப் பிடிச்சிருக்கேனே, எனக்குக் குமட்டுது. நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். பொய் சொல்ல முடியாது, அதனால இவ்வளவுதான் சாட்சி."

ஒரு கோழி கொக்கரித்தது. ஐயரம்மா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் "ஸ்தோத்திரம்" என்றது. என் கணவர். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னார். ஐயர் சட்டென்று ஒரு கீர்த்தனையைத் தொடங்கி எல்லாரையும் காப்பாற்றினார். நான் இறங்கி வந்து உட்கார்ந்தேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த மனிதர் மேல் அப்படி ஒரு பிரியம் எனக்கு வந்ததில்லை.

மறுநாள் டாக்டரிடம் அவரும் வந்தார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. இப்படி நிறுத்திவிட்டு நிறையப் பேர் வருகிறார்கள் என்று மட்டும் சொல்லி, மறுபடியும் குறைந்த அளவிலிருந்து எழுதினார். பிறகு என் கணவரிடம் திரும்பி, வீட்டில் ஏதாவது மாற்றம் கவனித்தீர்களா என்று கேட்டார். இவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். துண்டை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். நான் டீ குடித்தால் பால்கனிக்குப் போனாள். பிள்ளை சாப்பிட உட்கார்ந்தால் இவள் எழுந்துவிட்டாள். பண்டிகைக்கு ரொம்ப நாள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. ஒன்று விடாமல் சொன்னார். நான் எனக்கே சாக்குச் சொல்லி மறைத்த ஒவ்வொன்றையும் அவர் பார்த்திருந்தார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றேன்.

"பண்டிகை முடியட்டும்னு இருந்தேன். பொருத்தனை இருக்குல்லா."

எனக்கு அவர் மேல் அருவருப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. ஆனால் அது வரும்போதே வித்தியாசம் புரிந்தது. நோயின் அருவருப்புக்கு முகவரி கிடையாது. துண்டின் மேல் விழும், என் முடியின் மேல் விழும், ஒரு பாவமும் அறியாத பிள்ளையின் மேல் விழும். இது நேராகப் போய் ஒருவர் மேல் நின்றது. எதற்காக என்பதும் எனக்குத் தெரிந்தது. நெஞ்சு படபடக்கவில்லை, கை வேர்க்கவில்லை. டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டார். "இதுக்கு மாத்திரை வேண்டாம் டாக்டர். இது நோய் இல்லை, கோபம்" என்றேன்.

அப்புறம் கணவர் பக்கம் திரும்பி, டாக்டருக்குப் புரியாத எங்கள் தமிழில் சொன்னேன். "இனிமே நீங்க பாக்குறதை முதல்ல என்கிட்ட சொல்லுங்க. ஆண்டவருக்கு எப்படியும் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லல."